விருப்பமில்லை

"அங்க போயி இன்னா சார் பண்றது?"

அந்த அக்கா கேட்டது இவ்வளவுதான். படிவத்தில் நான் எழுதியது: விருப்பமில்லை.

சென்னை என்.எஸ்.சி. போஸ் சாலை பிளாட்பாரத்தில் கடை ஷட்டர் இறங்கினால்தான் ஆட்களைப் பிடிக்க முடியும், அதனால் வீடற்றவர்கள் கணக்கெடுப்பு எங்களுக்கு ராத்திரி வேலை. அவர் நிமிரக்கூட இல்லை. மடியில் கனகாம்பரம், கால் கட்டைவிரலில் மாட்டிய நார், விரல் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பெரும்பாக்கம் அரசுக் குடியிருப்பில் வீடு ஒதுக்கினால் போவீர்களா? விருப்பம், விருப்பமில்லை என்று இரண்டே பதில். மணி பன்னிரண்டு தாண்டியிருந்தது. கொசு வேறு.

எனக்கும் நியாயம் இருந்தது. விடியும் முன் பத்ரியன் தெருவில் பூ எடுத்தால்தான் அவருக்குப் பிழைப்பு. பெரும்பாக்கம் 25 கிலோமீட்டருக்குக் குறையாது. அந்த நேரத்தில் பஸ் ஏது? போனவர்களில் சிலர் வீட்டைப் பூட்டிவிட்டு பழைய பிளாட்பாரத்துக்கே வந்ததைப் பார்த்திருக்கிறேன். அதனால் அவர் கேட்டது என் காதில் பதிலாகவே விழுந்தது.

வீடில்லாமல் போனதற்குக் காரணம் என்றும் ஒரு கேள்வி உண்டு. குடும்பத் தகராறு, வேலை தேடி வந்தது, கடன், நோய், மற்றவை. "நான் எங்கிருந்தும் வர்ல சார், இங்கியே பொறந்தேன்" என்றார். அவருடைய அம்மா கொத்தவால் சாவடியில் சிதறும் வெங்காயத்தைப் பொறுக்கி விற்றவர். 1996-ல் காய்கறிச் சந்தை கோயம்பேட்டுக்குப் போனது. இவர்கள் போகவில்லை. இருந்த வீட்டை இழந்தால்தானே காரணம் எழுத முடியும்? 'மற்றவை'யில் டிக் அடித்தேன். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீடற்றவர்கள் நாடு முழுக்க சுமார் 17.7 லட்சம். அதையும் என்னைப் போல யாரோ தூக்கக் கலக்கத்தில்தான் எழுதியிருப்பார்கள்.

நகரத்தில் லட்சம் பேருக்கு ஒரு காப்பகம் வேண்டும் என்று 2010-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. காப்பகத்துக்கு வாருங்கள் என்றும் கூப்பிட்டுப் பார்த்தேன். பெரும்பாலும் ஆணுக்குத் தனி, பெண்ணுக்குத் தனி. "அப்போ இவுரு?" என்று தூங்கிக்கொண்டிருந்த கணவரைக் காட்டினார். அதற்கும் என்னிடம் பதில் இல்லை.

நாலைந்து மாதம் கழித்து, நல்ல மழையில், அவரே என்னைக் கூப்பிட்டார்.

"எங்க பேரு வந்துச்சா சார்?"

"நீங்கதான் வேணாம்னு சொன்னீங்களே அக்கா."

"நான் எங்க வேணாம்னேன்? போயி இன்னா பண்றதுன்னு கேட்டேன். நீ ஒண்ணும் சொல்லாம எழுதினு போய்ட்ட." அப்புறம் குரலைத் தாழ்த்தினார். "பொண்ணு வயசுக்கு வந்துட்டா சார்."

கடை ஷட்டருக்கும் கம்பத்துக்கும் நடுவே ஒரு நீலத் தார்பாய் கட்டியிருந்தது. முன்பு அது இல்லை.

அன்றைக்கு அவருக்கு நிஜமாகவே விருப்பம் இல்லாமல் இருந்திருக்கலாம், பெண்ணுக்காக மனம் மாறியிருக்கலாம். இப்படி நினைத்தால் கொஞ்சம் நிம்மதி. ஆனால் அன்று அவர் குரல் கேள்வியாக ஏறித்தான் முடிந்தது, எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

இப்போதெல்லாம் சொன்னதைச் சொன்னபடியே 'குறிப்பு' என்ற இடத்தில் எழுதுகிறேன். போன வாரம், கணினியில் ஏற்றும் தம்பியிடம் அதெல்லாம் எங்கே போகிறது என்று கேட்டேன்.

"அந்தக் கட்டமே எக்செல்ல கிடையாது சார்" என்றான்.