மூழ்காத படகு கவிழாதா? லாஸ் பால்மாஸ் முதல் மிந்தேலோ வரை

மிந்தேலோவில் கரையேறி இரண்டு நாட்களே ஆகின்றன. கேனரித் தீவுகளின் லாஸ் பால்மாஸிலிருந்து கேப் வெர்டே நாட்டின் இந்தத் துறைமுகம் வரை, சுமார் 850 கடல் மைல் தொலைவை, கேட்டமரான் எனப்படும் 42 அடி நீள இரட்டை உடல் பாய்மரப் படகில் ஆறு நாட்களில் கடந்தோம். செலவைப் பகிரும் பயணியாக நாளொன்றுக்கு 60 யூரோ கொடுத்தேன். விசாவும் விமானக் கட்டணமும் சேமிப்பைக் கரைத்த பிறகு அது எனக்குப் பெரிய தொகை. ஆகவே ஏறுவதற்கு முன்பே படகைத் துருவிப் பார்த்தேன்.

பார்த்ததும் கோபம் வந்தது. படகு கவிழ்ந்தால் வெளியேறுவதற்காக உட்பக்கச் சுவரில் அமைத்திருக்கும் அவசரக் கதவை மறைத்துத் தண்ணீர்ப் பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள். கேட்டதற்கு, இது மூழ்காத படகு என்று பதில் வந்தது.

அது பாதி உண்மை. ஒற்றை உடல் பாய்மரப் படகின் அடியில் கனமான உலோக எடை இருக்கிறது. படகு சாய்ந்தாலும் அந்த எடை அதை நிமிர்த்தும், ஆனால் உள்ளே நீர் நிறைந்தால் அதுவே படகைக் கடலடிக்கு இழுத்துச் செல்லும். கேட்டமரானுக்கு அந்த எடை இல்லாததால் நீர் புகுந்தாலும் பெரும்பாலும் மிதக்கும். கவிழ்ந்தாலோ தானாக நிமிரவே நிமிராது. 1989இல் நியூசிலாந்துக்கு அப்பால் கவிழ்ந்த ரோஸ் நோயல் என்ற மூவுடல் படகில் நால்வர் 119 நாட்கள் மிதந்து உயிரோடு கரை சேர்ந்தார்கள். கவிழ்ந்த படகு மிதந்துகொண்டிருந்ததுதான் அவர்களைக் காப்பாற்றியது. தலைகீழான படகுக்குள் வாழ வேண்டிய நிலை வரலாம் என்பதற்கும் அதுவே சான்று; அந்தக் கதவின் மதிப்பை அதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

முதல் நாள் மாலையே எங்களுக்குப் பாடம் கிடைத்தது. கிரான் கனாரியாவின் மலைகளைச் சுற்றி வழியும் வடகிழக்கு வணிகக் காற்று, தீவின் தென்கிழக்கில், பொசோ இஸ்கியெர்தோ ஊருக்கு அப்பால் நெருக்குண்டு சீறும். 17 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) காற்றில் முழுப் பாயோடு சுகமாகப் போய்க்கொண்டிருந்தவர்கள் சில நிமிடங்களில் 30 நாட் காற்றுக்குள் நுழைந்தோம். மேசை மீதிருந்த காப்பிக் கோப்பை அசையவில்லை. படகு 12 நாட் வேகத்தில் காற்றோடு சேர்ந்தே ஓடியதால் எங்கள் முகத்தில் பட்டது 18 நாட் மட்டுமே. ஒற்றை உடல் படகு சாய்ந்து, காற்றை வழியவிட்டு, ஆபத்தை நமக்கு உணர்த்தும். கேட்டமரான் அப்படிச் சாய்வதில்லை, பாரம் முழுவதையும் பாய்மரமும் கம்பிகளும் ஓசையின்றித் தாங்குகின்றன. இரண்டு உடல்களின் முன்முனைகளும் முன்னலையின் முதுகில் புதைந்து எழுந்தபோதுதான் கேப்டனின் முகம் மாறியது. அந்த வேகத்தில் காற்றை நோக்கித் திருப்பினால் அழுத்தம் பல மடங்காகும் என்பதால், படகின் வேகம் தணியும் தருணத்துக்காகக் காத்திருந்து, அரை மணி நேரம் போராடிப் பாயைச் சுருக்கினோம்.

கேட்டமரானில் உடல் உணர்வை நம்பக் கூடாது, காற்றுமானியின் எண்ணைத்தான் நம்ப வேண்டும். அதிலும் சராசரிக் காற்றுக்கல்ல, வரக்கூடிய வன்காற்றுக்கே பாயைக் குறைக்க வேண்டும். அன்றிரவு முதல் பொழுது சாயும் முன்பே பாயைச் சுருக்கினோம். தண்ணீர்ப் பெட்டிகளும் கதவை விட்டு நகர்ந்தன. அதிகச் சுமையால் படகு தாழ்ந்திருந்ததால், இரண்டு உடல்களையும் இணைக்கும் தளத்தின் அடியில் அலைகள் சம்மட்டிபோல அறைந்தன. மூன்று இரவுகள் நான் உறங்கவில்லை.

மிந்தேலோவில் டாக்சிக்காரர் இரு மடங்கு கேட்டார், கொடுத்தேன். சோளமும் அவரையும் இறைச்சியும் சேர்த்துக் குழைய வேகவைத்த கச்சுப்பா அந்த எரிச்சலைத் தீர்த்தது. கரீபியன் வரை, இன்னும் இரண்டாயிரம் கடல் மைலுக்கு மேல், வருகிறாயா என்று கேப்டன் கேட்கிறார். முக்கால்வாசிப் பணம்தான் கையில் இருக்கிறது. சுமையைக் குறைப்பதாகவும் இரவில் முழுப் பாய் விரிப்பதில்லை என்றும் அவர் ஒப்புக்கொண்டால், மீதியைக் கடன் வாங்கியாவது போவேன்.