கட்டர் பாருக்குச் சொந்தச் சக்கரம்

தலைவாசல் பக்கம் அறுப்பு தொடங்கிவிட்டால் ஆத்தூர் ரோட்டில் அறுவடை மிஷின்கள் வரிசை கட்டும். முன்னால் பயிரை அறுக்கும் கட்டர் பார் பெரும்பாலும் 14 அடி அகலம், அதாவது 4 மீட்டருக்கும் மேல். இருவழிச் சாலையில் ஒரு பக்கமே 3.5 மீட்டர்தான். மாட்டியபடியே ஓட்டினால் எதிரே வருகிற டவுன் பஸ் எங்கே ஒதுங்கும்?

அதனால்தான் அதைக் கழற்றி, டிரெய்லரில் நீளவாக்கில் வைத்து இழுக்கிறார்கள். வெளிநாட்டு மாடல்கள் சிலவற்றில் டிரெய்லரே வேண்டாம். சக்கரம் கட்டர் பாரிலேயே மடங்கியிருக்கும், ரோட்டுக்கு வந்ததும் இறக்கிக்கொள்ளலாம். எங்கள் பட்டறையில் இப்போது அப்படி ஒன்றைத்தான் வரைந்துகொண்டிருக்கிறோம்.

சக்கரம் மாட்டுவது பெரிய விஷயமில்லை, எங்கே மாட்டுவது என்பதில்தான் மொத்த வேலையும். எடையின் நடுப்புள்ளி அச்சுக்குக் கொஞ்சம் முன்னால் விழ வேண்டும். 10 முதல் 15 சதவீத எடை இழுக்கிற வண்டியின் கொக்கியில் உட்கார்ந்தால் நல்லது. பின்பாரம் கூடினால் வேகமெடுத்ததும் வால் ஆடும், அப்புறம் இழுக்கிற வண்டியையும் சேர்த்து ஆட்டும். போதாக்குறைக்கு, பாரம் நடுவில் இல்லை. நீளவாக்கில் இழுக்கும்போது ஒரு பக்கச் சக்கரம் கூடுதலாகச் சுமக்கும், டயரை அந்தப் பக்கத்துக் கணக்கில்தான் பார்க்க வேண்டும். வயலில் இறங்கினால் மடக்கிய சக்கரம் சேற்றிலும் அறுத்த பயிர்த் தாளிலும் உரசவே கூடாது. (சக்கரத்துக்குப் பதில் பெல்ட்டில் ஓடும் மிஷின்காரர்களுக்கு என்ன, லாரியில் ஏற்றிவிட்டுப் போய்விடுவார்கள்!)

பின்னால் சிவப்பு விளக்கும் ரிஃப்ளெக்டரும் கட்டாயம், ராத்திரியிலும் மிஷின் ஊர் மாறும். ஓட்டுகிற தம்பிகள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்: சக்கரத்தை மடக்குவதற்குக் கைநெம்புகோல் போதுமா, ஹைட்ராலிக் வேண்டுமா?