மாடித்தோட்டம்: ஆடி முதல் சித்திரை வரை

மாடியில் ஒரு செடி வாடினால் பலரும் முதலில் தேடுவது உரத்தை. பெரும்பாலும் கோளாறு வேரடியில்தான் இருக்கும். தண்ணீர் தேங்கி வேர் மூச்சுவிட முடியாமல் இருக்கும், இல்லையென்றால் மேலே ஈரமும் உள்ளே வறட்சியுமாக இருக்கும். அதனால் விதை வாங்கும் முன் மண் கலவையைச் சரிசெய்யுங்கள்.

செம்மண் ஒரு பங்கு, தேங்காய் நார்க்கழிவு ஒரு பங்கு, நன்றாக மட்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு. 12 அங்குலச் செடிப் பைக்கு இரண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. கலவையை நனைத்து 10 நாளாவது நிழலில் விட்ட பிறகே நடவேண்டும். புண்ணாக்கும் அரைகுறையாக மட்கிய சாணமும் ஈரம் பட்டதும் சூடாகும். அந்தச் சூட்டில் இளம் வேர் கருகிவிடும்.

நார்க்கழிவுக் கட்டியை அப்படியே ஊறவைத்துப் பயன்படுத்தக் கூடாது. அதில் உப்பு இருக்கும். ஊறியதை இரண்டு மூன்று தண்ணீரில் அலசி, ஒவ்வொரு முறையும் பிழிந்து கொட்டுங்கள். முதல் தண்ணீர் தேநீர் நிறத்தில் வரும். நிறம் வெளுக்கும்வரை அலசலாம். அலசாமல் போட்டால் இலை நுனி பழுப்பாகிக் கருகும். அதை நோய் என்று நினைத்து மருந்தடிப்பவர்கள் நிறையப் பேர்.

பையின் எடையையும் மறக்காதீர்கள். 12 அங்குலப் பை நனைந்தால் 15 கிலோவுக்குக் குறையாது. தளத்தின் நடுவில் குவிக்காமல் சுவர், உத்தரம் செல்லும் வரிசையிலேயே அடுக்குங்கள். ஒவ்வொன்றின் அடியிலும் இரண்டு செங்கல் வைத்தால் வடிகால் துளை அடைபடாது, தளத்தில் ஓதமும் ஏறாது.

ஆடிப்பட்டம்தான் ஆண்டின் பெரிய விதைப்பு. வெண்டையை நேராகப் பையிலேயே ஊன்றலாம்: இரவு ஊறவைத்து, ஒரு விரற்கணு ஆழத்தில், பைக்கு இரண்டு விதை. ஏறக்குறைய 45 நாளில் காய் பறிக்கலாம். கத்தரி, தக்காளி, மிளகாயைக் குழித்தட்டில் விதைத்து, 25 முதல் 35 நாளில், மாலை வெயில் தாழ்ந்தபின் எடுத்து நடுங்கள். கொடி அவரையின் நாட்டு ரகங்கள் பகல் குறுகும் காலத்தில்தான் பூக்கும். ஆடியில் போட்டால் மார்கழி, தையில் காய் குலுங்கும். தையில் போட்டவருக்குப் பல மாதம் இலையைத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

சுரை, பீர்க்கு, பூசணி பூத்தும் காய்க்கவில்லை என்ற புலம்பல் ஆவணியில் தொடங்கும். முதலில் வருவதெல்லாம் ஆண் பூ, பொறுத்திருங்கள். பெண் பூவுக்கு அடியில் குட்டிக் காய் ஒட்டியிருக்கும். அது மஞ்சளாகி உதிர்ந்தால் பெரும்பாலும் மகரந்தம் சேரவில்லை என்று பொருள். உயரமான மாடிக்குத் தேனீ வருவது குறைவு. ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிள்ளிவிட்டு, நடுத்தண்டைப் பெண் பூவின் நடுவிலுள்ள சூல்முடியில் மெதுவாகத் தடவுங்கள். பூசணிக்கு இதை விடிகாலையில் செய்யவேண்டும், வெயில் ஏறினால் பூ மூடிவிடும். சுரையும் பீர்க்கும் மாலையில்தான் மலரும். நேரம் தவறினால் எவ்வளவு தடவியும் பயனில்லை.

ஐப்பசி மழையில் கெடுப்பது தேங்கும் தண்ணீர். துளைகளைக் குச்சியால் குத்திச் சரிபாருங்கள், பைக்கு அடியில் வைத்த தட்டுகளை எடுத்துவிடுங்கள். பைக்கு ஒரு தேக்கரண்டி டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையை மண்புழு உரத்தில் கலந்து போட்டால் வேரழுகல் குறையும். அழுகிச் சாய்ந்த செடியைப் பிடுங்கி அப்புறப்படுத்துங்கள், உரக்குழியில் போடாதீர்கள். முள்ளங்கி, கொத்தமல்லி, முட்டைக்கோஸுக்கு மழை ஓய்ந்த பிறகு வரும் குளிர்தான் தோதான காலம். கொத்தமல்லி விதையை இரண்டாக உடைத்து விதைத்தால் சீராக முளைக்கும். வெயில் காலத்தில் இலை தராமல் பூத்துவிடும்.

அதே குளிரில் அவரைக் கொழுந்தில் அசுவினி என்ற சாறுறிஞ்சும் பூச்சி அப்பும். எறும்பு ஏறுகிறதா என்று பார்த்தாலே முன்கூட்டித் தெரிந்துவிடும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய். வெதுவெதுப்பான தண்ணீர் கொஞ்சத்தில் முதலில் சோப்புக் கரைசலைக் கலந்து, அதில் எண்ணெயை விட்டுப் பால் போலாகும்வரை கலக்கி, பிறகே மீதித் தண்ணீரைச் சேர்க்கவேண்டும். எண்ணெய் மிதந்தபடி அடித்தால் இலை பொசுங்கும். மாலையில், இலையின் அடிப்புறம் நனையும்படி தெளியுங்கள்.

தைப்பட்டத்து வெண்டையில் நரம்புகள் மஞ்சளாகி வலைபோலத் தெரிந்தால் அது வெள்ளை ஈ பரப்பும் நச்சுயிரி நோய். மருந்து இல்லை, அந்தச் செடியை உடனே பிடுங்கிவிட்டு மஞ்சள் ஒட்டும் அட்டை கட்டுங்கள். கிளை நறுக்கும் கத்தரியை ஒவ்வொரு செடிக்கும் ஸ்பிரிட்டில் துடைப்பது நல்ல பழக்கம்.

பங்குனி, சித்திரையில் 50 சதவீத நிழல்வலை போட்டு, காய்ந்த இலையால் 2 அங்குலம் மூடாக்கு இடுங்கள். காலை, மாலை தண்ணீர் தேவைப்படலாம். விரலை மண்ணில் இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்த்து ஊற்றுங்கள். தக்காளிக் காயின் அடி கறுத்து அமுங்குவது பெரும்பாலும் ஒருநாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றுவதால்தான். தண்ணீர் சீராகக் கிடைக்காவிட்டால் காய்க்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேராது. அதற்கு முட்டை ஓட்டைப் போட்டுக் காத்திருக்க வேண்டாம், அது மட்க மாதக்கணக்கில் ஆகும். ஊற்றும் அளவையும் நேரத்தையும் ஒழுங்குபடுத்தினால் அடுத்த கொத்துக் காய்கள் சுத்தமாக வரும்.