80 கிலோவுக்காக இருப்பில் கை வைக்காதீர்கள்

1860-லிருந்து நம் முன்னோர் கரும்பு வெட்டிய தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரையோரம் முழுக்க மேடும் பள்ளமும்தான். வெட்டுக்குச் சில வாரம் முன்னால், காற்று எழாத விடிகாலையில், கரும்பை முற்றவைக்கும் எத்தெஃபான் மருந்தை அடிக்கும் விமானம் அங்கே தாழப் பறக்கும். அதில் எரிபொருள் தீர்ந்து இன்ஜின் நின்றால், தவறு பெரும்பாலும் லோடு ஏற்றும் இடத்திலேயே நடந்திருக்கும்.

எரிபொருளைக் குறைத்தால் மருந்துத் தண்ணீர் கூடுதலாக ஏற்றலாம். ஆசை அங்கேதான் தொடங்குகிறது. டர்பைன் விமானம் மணிக்கு 200 லிட்டர் குடிப்பதாக வைத்துக்கொள்வோம். 15 நிமிடச் சுற்றுக்கு 50 லிட்டர், மூன்று சுற்றுக்கு 150. தொடக்கூடாத அரைமணி இருப்பு 100. ஆக 250 லிட்டர், அதற்கு மேல் டாங்கி அடியில் எடுக்க வராமல் தங்குவது. இருப்பை விட்டால் என்ன மிச்சம்? ஜெட் எரிபொருள் லிட்டருக்குச் சுமார் 0.8 கிலோ என்றால், 80 கிலோ. ஹெக்டேருக்கு 30 லிட்டர் தெளித்தால் அது மூன்று ஹெக்டேருக்குக்கூடப் போதாது.

அளவுமானியை மட்டும் நம்பாதீர்கள். இரண்டு இறக்கை டாங்கிகளும் குழாயால் இணைந்திருந்தால், சரிவில் நிற்கும்போது மேட்டுப் பக்கத்து எரிபொருள் பள்ளத்துப் பக்கம் இறங்கிவிடும். சமதளத்தில் நிறுத்தி அளவுக்குச்சி விட்டுப் பாருங்கள். குறைந்த எரிபொருளோடு வயல் ஓரத்தில் சறுக்கித் திரும்பினால், மீதி ஒரு பக்கமாக ஒதுங்கி, குழாய்க்குள் காற்று புகும்.

காலையில் விமானத்தை அசைக்கும் முன் டாங்கி அடியிலிருந்து கண்ணாடிப் புட்டியில் பிடித்துப் பாருங்கள். நடுவே கோடு தெரிந்தால் அதற்குக் கீழே இருப்பது தண்ணீர். கோடே இல்லையென்றால் உடனே நிம்மதி வேண்டாம், புட்டி முழுக்கத் தண்ணீராகவும் இருக்கலாம். முகர்ந்து பாருங்கள்.

இன்ஜின் நின்றால் வேகத்தை உயரமாக மாற்றிக்கொண்டே, அவசரக் கைப்பிடியை இழுத்து மருந்தைக் கொட்ட வேண்டும். விமானத்தின் எடை 4,000 கிலோவிலிருந்து 2,500 ஆனால், 80 நாட் (மணிக்குக் கடல்மைல்) வேகத்தில் ஸ்டால் ஆகும், அதாவது இறக்கை தூக்கும் திறனை இழக்கும் விமானம், ஏறக்குறைய 63 நாட் வரை தாங்கும். ஆனால் கொட்டும் நொடியில் மூக்கு மேலே எழும்; ஸ்டிக்கை முன்னே தள்ளக் கை தயாராக இருக்கட்டும். புரொப்பெல்லரை ஃபெதர் செய்தால், அதாவது அதன் இலைகளின் விளிம்பைக் காற்றுக்கு நேராகத் திருப்பினால், இழுவை குறையும்.

ஓடுதளத்துக்குத் திரும்பப் பார்க்காதீர்கள். எதிரே, இருபக்கமும் 30 டிகிரிக்குள் இடம் தேடுங்கள். வெட்டிய வயலோ வெட்டிய கட்டையிலிருந்து துளிர்க்கும் இளம் மறுதாம்போ நல்லது, வரிசையோடு இறங்குங்கள். குறுக்கே போனால் வயலின் மண்பார்கள் சக்கரத்தைப் பிடித்துக் கவிழ்த்துவிடும். வளர்ந்த கரும்புதான் வாய்த்ததென்றால் தோகை நுனியையே தரையாக நினைத்து, வேகம் தணித்து உட்கார வையுங்கள். மலைச்சரிவில் ஏற்றத்தை நோக்கியே. மின்கம்பி கண்ணில் படாது, கம்பங்களைத் தேடுங்கள்.

தொடும் முன் எரிபொருளை அடைத்துவிடுங்கள். இறக்கையின் பின்விளிம்பில் இறங்கும் ஃபிளாப் மின்சாரத்தில் இயங்கினால், அதை இறக்கிய பிறகே பேட்டரியை அணைக்க வேண்டும்.