தலையில்லாத கூழைக்கடா

இன்று காலை சென்னை இருநூறடி ரோட்டில் டிராபிக் ஜாம் ஆனதற்குக் காரணம் நான்தான் என்று மச்சான் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான், கூடவே சிரிக்கிற பொம்மைகள் ஒரு வரிசை. அப்பட்டமான பொய். காரணம் ஒரு கூழைக்கடா, அதாவது பெலிகன் பறவை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கறி வாங்கப் போகிறவன் கேமராவை எதற்குத் தூக்கிக்கொண்டு போகிறான் என்ற கேள்வி எங்கள் வீட்டில் கல்யாணமான நாளிலிருந்து கேட்கப்படுகிறது. அதற்குப் பதில் சொல்வதை நான் விட்டாயிற்று. கறிக்கடை பாய் என்னைப் பார்த்ததும் "இன்னிக்கு என்ன குருவி சார்?" என்றுதான் ஆரம்பிப்பார், எலும்பைக் கொஞ்சம் அதிகமாகப் போட்டுவிட்டு அந்தப் பேச்சிலேயே கணக்கை முடித்துவிடுவார். அது வேறு கதை.

துரைப்பாக்கம் பக்கம் சதுப்பு நிலம் இருக்கிறதே, அங்கே ரோட்டோரமாக வண்டியைப் போட்டால் தண்ணீருக்குள் ஒரு மண் திட்டு தெரியும். அதன்மேல் ஒரு கூழைக்கடா நின்று இறகு கோதிக்கொண்டிருந்தது. வெயில் சாய்வாக விழுகிறது, குப்பைமேட்டுக் காற்று மட்டும் எதிர்த் திசையில் போகிறது. இந்த இரண்டும் ஒரே நாளில் அமைவதெல்லாம் பூர்வ ஜென்ம புண்ணியம். கறியாவது ஒன்றாவது.

எங்கள் கேமரா கோஷ்டிக்கு இந்த மாதிரிப் படம் ஆகாது. அவர்களுக்குப் பறவை என்றால் பறக்க வேண்டும், இல்லையென்றால் வாயில் மீன் துடிக்க வேண்டும், மீன்கொத்தி தண்ணீரிலிருந்து எழும்பும்போது முத்து முத்தாகத் துளி தெறிக்க வேண்டும். நான் கோதுகிற பறவையாகத் தேடித் தேடி எடுப்பதால் எனக்கு 'பியூட்டி பார்லர்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். வைக்கட்டும். பயந்த பறவை இறகு கோதாது, கழுத்தை நீட்டி நம்மையே பார்த்துக்கொண்டிருக்கும். அது தலையைத் திருப்பி முதுகுக்குள் விட்டுக்கொண்டதென்றால் நம்மை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம். என்னை இப்படிப் பொருட்படுத்தாமல் இருப்பவர்கள் வீட்டிலும் ஆபீஸிலும் நிறையப் பேர் உண்டு, ஆனால் அவர்களிடம் எனக்கு இந்த சந்தோஷம் வருவதில்லை.

கூழைக்கடா கோதுவதை நீங்கள் நிதானமாகப் பார்த்திருக்க மாட்டீர்கள். ஓரடி நீள அலகு. நுனியில் நகம் போல ஒரு கொக்கி, மேல் அலகின் ஓரமெல்லாம் பொட்டு வைத்தது போலப் புள்ளிகள், கீழே தொங்குகிற பை. இவ்வளவு பெரிய சாமானை வைத்துக்கொண்டு ஒரே ஒரு இறகை அடியில் பிடித்து நுனி வரை இழுத்துவிடும். இறகின் கிளைகளில் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னக் கொக்கிகள் இருக்கின்றன, அவை பிரிந்துபோனால் காற்றும் தண்ணீரும் உள்ளே புகுந்துவிடும், இழுத்துவிட்டால் பையின் ஜிப் போல மறுபடி கோத்துக்கொள்ளும். வாலுக்கு மேலே எண்ணெய்ச் சுரப்பி, கோழியில் பாய் வாலோடு சேர்த்து நறுக்கி எறிவாரே அந்த இடம். கூழைக்கடா அதில் பின்னந்தலையைத் தேய்த்து எண்ணெயை எடுத்து உடம்பெல்லாம் தடவிக்கொள்ளும். அப்புறம் பேன், செள் எல்லாம் பொறுக்க வேண்டும். அலகு எட்டாத இடம் சொந்தத் தலையும் மேல் கழுத்தும்தான், அதற்குக் காலைத் தூக்கிச் சொறிய வேண்டும், நாலு விரலும் சவ்வால் ஒட்டிய அந்தப் பெரிய காலைத் தூக்கிக்கொண்டு ஒற்றைக் காலில் அது தள்ளாடுகிற அழகு இருக்கிறதே!

ஒரே ஒரு சிக்கல். கோதுகிற நேரத்தில் பாதிக்கு மேல் தலை வெளியே தெரியாது. கழுத்தை வளைத்து அலகை முதுகுச் சிறகுக்குள் செருகிக்கொண்டால் ரோட்டிலிருந்து பார்க்கிறவர்களுக்குச் சாம்பலும் வெள்ளையுமாக ஒரு மூட்டைதான் கிடக்கும்.

முதலில் ஹெல்மெட் போடாத ஒரு தம்பி வந்தான். என் லென்ஸைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு வேகமெடுக்கிறவர்களைப் பிடிக்கிற போலீஸ் கேமரா என்று நினைத்து, வந்த வழியே வண்டியைத் திருப்பினான். எதிரே வந்த டெம்போ பிரேக் அடித்தது. டெம்போக்காரர் இறங்கி அவனைத் திட்டலாம் என்று பார்த்தால் ஆள் பறந்துவிட்டான், அந்தக் கோபத்தோடு என்னிடம் வந்தார். நான் எதைப் பார்க்கிறேனோ அதைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"என்ன சார், பாடியா?"

"இல்லைங்க, பறவை."

"பறவைக்கு எதுக்கு சார் இம்மாம் பெரிய கேமரா?"

அதற்குள் பின்னால் ஒரு ஆட்டோ. ஆட்டோக்காரர் என்னிடம் கேட்கவே இல்லை, நேராக டெம்போக்காரரிடம் கேட்டார். டெம்போக்காரர் 'பறவைன்னு சொல்றாரு' என்று ஒரு இழுப்பு இழுத்தார் பாருங்கள், அந்த இழுப்பில்தான் எல்லாம் கெட்டது. இரண்டு நிமிஷத்தில் "மூட்டையில கட்டிப் போட்டிருக்கானுங்களாம்" என்றார் ஒருவர். "நேத்து ராத்திரியே கிடந்துச்சாம்" என்றார் இன்னொருவர், அவர் வந்தே அரை நிமிஷம்தான் ஆகியிருக்கும். வாக்கிங் வந்த மாமா ஒருவர் இந்த சதுப்பு நிலத்துக்கு 2022-ல் உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்று ராம்சர் அங்கீகாரம் கிடைத்ததிலிருந்து ஆரம்பித்து, அவர் வீடு வாங்கியபோது எது வரைக்கும் தண்ணீர் நின்றது என்று கையை நீட்டிக் காட்டினார். அவர் நீட்டிய இடத்தில் இப்போது எட்டு மாடி. வாஸ்தவமான பேச்சு, ஆனால் பிணம் பார்க்க வந்த கூட்டத்தில் யார் காதில் ஏறும்? ஒரு பையன் செல்போனில் லைவே போட ஆரம்பித்துவிட்டான்.

இவ்வளவு கூத்துக்கும் கூழைக்கடா தலையை எடுக்கவில்லை.

கடைசியில் டிராபிக் காவலர் வந்தார். விசிலை வாயிலேயே வைத்துக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து வந்தவர் எங்களையெல்லாம் ஒரு பார்வை பார்த்துவிட்டு மூட்டையைப் பார்த்தார். சரியாக அந்த நேரத்தில் மூட்டைக்குள்ளிருந்து அலகு வந்தது. பிறகு கழுத்து, பிடரியில் சுருண்ட மயிர், இரண்டு கண். நிதானமாக எங்களைப் பார்த்தது. கூட்டம் மொத்தமும் "ஏஏஏ..." என்றது. ஆட்டோக்காரர் முகத்தில் தெரிந்த ஏமாற்றத்தை எடுக்காமல் விட்டது எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

காவலர் விசிலைக் கையில் எடுத்தார். "கொக்கா?"

"கூழைக்கடா சார்."

"என்ன பண்ணுது?"

"இறகைச் சரி பண்ணிக்குது சார். சீவிச் சிங்காரிக்கிற மாதிரி."

"எவ்ளோ நேரமா?"

"நான் வந்ததுலேர்ந்து."

"எங்க வீட்டுப் பொண்ணு பரவாயில்லை" என்றவர், கேமராவைக் காட்டி "பாக்கலாமா?" என்றார். காக்கிச் சட்டை கேட்டால் இல்லையென்றா சொல்ல முடியும்? கொடுத்தேன். கண்ணை வைத்தவர் எடுக்கவே இல்லை. "அய்யய்ய, ஒவ்வொண்ணா எடுத்து நீவுது சார்... புள்ளி வச்சிருக்கு சார் மூக்குல..." என்று நேர்முக வர்ணனை வேறு. பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. கண்ணை எடுக்காமலே கையை மட்டும் பின்னால் நீட்டி "யோவ், அடிக்காதய்யா, பயந்துடும்" என்றார். அந்த ரோட்டில் ஹாரன் சத்தம் நின்றதை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அப்போதுதான் அது நடந்தது. கோதி முடித்த பறவை கடைசியாக ஒரு காரியம் செய்யும், உடம்பு முழுவதையும் சிலிர்த்து உதறும். கூழைக்கடா நெஞ்சை நிமிர்த்தியது, இரண்டு சிறகையும் முழுசாக விரித்தது, ஒரு ஆள் நீளத்துக்கும் மேலே இருக்கும், விரித்து அப்படியே ஒரு உதறு. தூவிகள் வெயிலில் பறந்தன. அலகுப் பை படபடவென்று ஆடியது. இதற்காகத்தான் நான் வருஷக்கணக்காக ரோட்டோரத்தில் நிற்கிறேன். கேமரா அவர் கையில்.

"சார், அமுக்குங்க சார், அமுக்குங்க!"

"எதை சார்?"

முடிந்துவிட்டது. அவர் கேமராவைத் திருப்பிக் கொடுத்த முகத்தில் அப்படியொரு பூரிப்பு. "சூப்பர் சார். பாத்தேன் சார்" என்றார். ஒரு விநாடி கழித்துத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "வண்டியை எடுங்க, இங்கெல்லாம் நிக்கக் கூடாது, ஃபைன் போட்டுருவேன்" என்றார்.

வீட்டுக்கு வந்து படங்களை டிவியில் ஓடவிட்டேன். எல்லாம் மூட்டை. "எங்க தலை?" என்று கேட்டுவிட்டு வீட்டம்மா, நான் கறி வாங்காமல் வந்ததால் சாம்பாருக்குப் பருப்பு போடப் போய்விட்டாள். அம்மா மட்டும் கட்டிலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அலகு முதுகின் நட்ட நடுவில் இருக்கிற படம் வந்ததும் "நிறுத்து" என்றாள்.

"கொடுத்து வச்ச ஜென்மம்டா. முதுகு எட்டுது பாரு அதுக்கு. ஒருத்தரையும் கூப்பிட வேண்டாம்."

அப்பா போனதிலிருந்து தைலத்தைச் சுவரில் தடவி அதில் முதுகைத் தேய்த்துக்கொள்கிறாள் என்று வீட்டம்மா போன மாசம் சொன்னது ஞாபகம் வந்தது. சுவரில் எண்ணெய்க் கறை எப்படி வந்தது என்று பெயிண்டரிடம் சண்டை போட்டது நான். கோடாலித் தைலத்தை எடுத்துக்கொண்டு போய்ப் பின்னால் உட்கார்ந்தேன்.

"இன்னும் கொஞ்சம் கீழே... அங்கே இல்லைடா, இடது பக்கம். போட்டோ எடுக்கிறதுக்கு மட்டும் கண்ணு நல்லாத் தெரியுது உனக்கு."