கோவில்பட்டியைச் சுற்றி விழுந்த புள்ளிகள்: என் நெட் தமிழ் அனுபவம்

நேற்று ரிசல்ட் வந்தது. மூன்றாவது முயற்சியில் நெட், அதாவது கல்லூரி உதவிப் பேராசிரியர் தகுதித்தேர்வு, கிடைத்துவிட்டது. அம்மாவிடம் போனில் சொல்லும்போது குரலே எழும்பவில்லை.

முன்பு இரண்டு முறையும் என்னைக் கவிழ்த்தது தற்கால இலக்கியம்தான். சங்கமும் இலக்கணமும் ஓரளவு கைவசம் இருந்தன. வட்டார நாவல்களுக்கு மட்டும் ஒரு கையேட்டை நம்பினேன். அதில் 'கரிசல்: கி.ரா., பூமணி, சோ. தர்மன்' என்று, கரிசல் மண் வட்டாரத்து எழுத்தாளர்களுக்கு ஒரே வரி. அதை அப்படியே உருப்போட்டேன். பொருத்துக வினாவில் பாத்திரத்தையும் கதைக்களத்தையும் கேட்டதும் கை ஓடவில்லை.

இந்த முறை சார்ட்டில் தமிழ்நாட்டு வரைபடம் வரைந்து படுக்கைக்கு எதிரே ஒட்டினேன். நாவலைப் படித்து முடித்தால்தான் அந்த ஊரில் பென்சில் புள்ளி. கோவில்பட்டிப் பக்கம் புள்ளிகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு விழுந்தன. கி.ரா.வின் இடைசெவலும் சோ. தர்மனின் உருளைக்குடியும் அங்கேதான். அப்போதுதான் எனக்குப் பிடி கிடைத்தது. கி.ரா.வின் 'கோபல்ல கிராமம்' தெலுங்கு தேசத்திலிருந்து ஓடிவந்து காடு திருத்திக் குடியேறியவர்களின் கதை. பூமணியின் 'பிறகு' அதே கரிசலில் செருப்புத் தைக்கும் அழகிரியின் கதை. சோ. தர்மனின் 'சூல்' முழுக்கக் கண்மாய். யார் காலில் அந்த மண் ஒட்டியிருக்கிறது என்று பார்த்துப் படித்தேன். மூன்றும் அதற்கப்புறம் குழம்பவே இல்லை.

சரி, மற்றவை:

- 1991இல் சாகித்ய அகாதெமி பெற்றது 'கோபல்லபுரத்து மக்கள்'. இதை 'கோபல்ல கிராமம்' என்று மாற்றிப் போட்டு மார்க்கை இழந்தவள் நான்.
- ஆண்டு வரிசை: 'நாகம்மாள்' 1942, 'புத்தம் வீடு' 1964, 'தலைமுறைகள்' 1968, 'கோபல்ல கிராமம்' 1976.
- சொல்லகராதிகள்: கரிசலுக்கு கி.ரா., கொங்குக்குப் பெருமாள்முருகன், நடுநாட்டுக்குக் கண்மணி குணசேகரன்.
- தொல்காப்பியத்தின் 'செந்தமிழ் சேர்ந்த பன்னிரு நிலத்தும்' நூற்பாவை இந்த அகராதிகளுடன் சேர்த்தே படியுங்கள். அது சொல்லும் திசைச்சொல் (அந்தந்த நிலத்து வழக்குச் சொல்) தனியாக மனதில் நிற்காது.

தோப்பில் முஹம்மது மீரானையும் நாஞ்சில் நாடனையும் 'குமரி' என்று ஒரே கட்டாகக் கட்டிவிடாதீர்கள். தேங்காய்ப்பட்டணத்துக் கடலோரப் பேச்சு வேறு, நாஞ்சில் நாட்டு வயற்பேச்சு வேறு. ஆளுக்கு இரண்டு பக்கம் வாய்விட்டுப் படியுங்கள், காதே பிரித்துச் சொல்லிவிடும். மௌனமாகப் படிப்பவர்களுக்கு இது ஒத்துவருமா தெரியாது, எனக்கு வந்தது.

சார்ட்டைத் தங்கை கேட்கிறாள். கொடுக்க மனமில்லை. தருமபுரியில், எங்கள் ஊர்ப் பக்கம், நான் இன்னும் ஒரு புள்ளிகூட வைக்கவில்லை.