வேர்வைக் கணக்கு

வகுப்பில் மிச்சமான ஒரு நாற்பது பக்க நோட்டு என் கட்டில் தலைமாட்டில் கிடக்கிறது. அட்டையில் பெயர் எழுதும் இடத்தில் 'வேர்வை' என்று எழுதியிருக்கிறேன். உள்ளே தேதி, அதற்கு நேரே குச்சிக் கோடுகள். மாதவிடாய் நிற்கும் வயதில் திடீரென்று வரும் வேர்வைக்கு, தடவைக்கு ஒரு கோடு. நான்கு கோடு நேராக, ஐந்தாவது குறுக்காக. கணக்கு டீச்சருக்கு எதைப் பார்த்தாலும் முதலில் எண்ணத்தான் தோன்றும்.

ஆரம்பித்தது 47 வயதில். மார்கழி மாதம், திருச்சியிலேயே போர்வை கேட்கும் விடியற்காலை மூன்று மணி. இட்லிப் பானையைத் திறந்ததும் முகத்தில் ஆவி அடிக்குமே, அது உள்ளிருந்து அடித்த மாதிரி மார்பில் கிளம்பி கழுத்து, முகம் என்று ஏறியது. நெஞ்சு படபடத்தது. நைட்டி தொப்பலாக நனைந்தது. கொஞ்ச நேரத்தில் குளிரில் பல் தந்தியடித்தது. ஹார்ட் அட்டாக் என்றே நினைத்து அவரை எழுப்பி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஈசிஜியில் ஒன்றும் இல்லை. "டென்ஷனாம்மா?" என்று கேட்டு ஒரு மாத்திரையோடு அனுப்பிவிட்டார்கள். கடைசியாகப் பீரியட்ஸ் எப்போது வந்தது என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. மூன்று மாதமாக வராததை விட்டது தொல்லை என்று எடுத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் பகலிலும் வர ஆரம்பித்தது. எங்கள் பள்ளியில் டீச்சர்களுக்கு பாலியஸ்டர் யூனிஃபார்ம் சேலை. ஒன்பதாம் வகுப்பில் போர்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது முதுகில் ஓடை மாதிரி வேர்வை இறங்கும். சின்னத் தப்புக்கெல்லாம் பிள்ளைகள் மேல் எரிந்து விழுந்தேன். ராத்திரி மூன்று முறை விழிப்பவளுக்கு காலையில் பொறுமை எங்கிருந்து வரும்?

இந்த இடத்தில் நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். ஸ்டாஃப் ரூமில் ஒருவர் சொன்னார் என்று அக்குபங்சர் என்று சொல்லி, ஊசி இல்லாமல் தொடு சிகிச்சை செய்யும் ஒருவரிடம் போனேன். நாடி பார்த்தார், ஒரு விரலால் ஒரே ஒரு புள்ளியைத் தொட்டார். "உடம்பில் கழிவு தேங்கியிருக்கு, எல்லா மாத்திரையையும் நிறுத்துங்க" என்றார். ஆறு வருடமாகச் சாப்பிட்டு வந்த தைராய்டு மாத்திரையை நிறுத்தினேன். படித்தவள்தான், இருந்தும் நிறுத்தினேன். ஒன்றரை மாதத்தில் முகம் வீங்கி, சீப்பு நிறைய முடி வந்து, பரீட்சை ஹாலில் உட்கார்ந்தபடியே தூங்கினேன். ரத்தப் பரிசோதனையில் டிஎஸ்ஹெச் (தைராய்டு குறைந்தால் ஏறும் எண்) 22. வேர்வை மட்டும் அப்படியே இருந்தது.

மகள்தான் திட்டி, பெண்கள் மருத்துவர் ஒருவரிடம் கூட்டிப் போனாள். மூளையில் உடம்புச் சூட்டைக் கவனிக்கும் ஒரு பகுதி உண்டு, ஹைப்போதலாமஸ் என்று பெயர். பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் குறையும்போது அதற்குச் சகிப்புத்தன்மை போய்விடுகிறதாம். உடம்புச் சூடு துளி ஏறினாலும் தீப்பிடித்த மாதிரி அலறி, தோலின் ரத்தக் குழாய்களை விரித்து, வேர்வையைத் திறந்துவிடுகிறது. வேண்டாத நேரத்தில் குளிரவைப்பதால்தான் பின்னாலேயே நடுக்கம். இதைக் கேட்டதுமே எனக்குப் பாதி பயம் போய்விட்டது. வேர்வைக்கு எல்லாவற்றையும்விட நன்றாகக் கேட்பது ஹார்மோன் மருந்துதான் என்றும் அவர் ஒளிக்காமல் சொன்னார். 60 வயதுக்குள், மாதவிடாய் நின்று பத்து வருடத்துக்குள் இருக்கும் பெரும்பாலோருக்கு அதில் ஆபத்தைவிட நன்மையே அதிகம் என்றார். எங்கள் வீட்டில் சித்திக்கு மார்பகப் புற்றுநோய் வந்திருந்ததால் எனக்குத் துணிவு வரவில்லை. "சரி, மூன்று மாதம் மற்றதைச் செய்து பாருங்கள். ஆனால் எண்ணிக்கொண்டே செய்யுங்கள்" என்றார். நோட்டு அன்றைக்குத்தான் பிறந்தது. முதல் வாரம் 62 கோடுகள்.

அக்குபங்சருக்கு இந்த முறை ஊசி போடுபவரிடமே போனேன். இயற்கை மருத்துவத்தில் ஐந்தரை வருடப் பட்டப்படிப்பு படித்தவர். நான் முதலில் சொன்னதே, "மாத்திரையை நிறுத்த மாட்டேன்" என்பதுதான். சிரித்துவிட்டு, "நிறுத்தச் சொன்னால் எழுந்து போய்விடுங்கள்" என்றார். ஊசி இரண்டு மூன்று தலைமுடி தடிமன்தான். ஒவ்வொரு முறையும் புது பாக்கெட்டை என் கண் முன்னால் பிரித்தார். உள் கணுக்காலுக்கு நான்கு விரல் மேலே, பாதத்தில், மணிக்கட்டு மடிப்பில், உச்சந்தலையில் ஒன்று. குத்தும்போது எறும்புக் கடி, பிறகு அந்த இடமே கனத்து, மந்தமாக ஓர் இழுப்பு. அந்தக் கனம் வந்தால்தான் சரியான இடம் என்பது சீன முறைக் கணக்கு. இருபத்தைந்து நிமிடம் விளக்கை அணைத்துவிட்டுப் போய்விடுவார். முதல் நாள் சுவரில் பல்லி எங்கே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது தடவையில் குறட்டை விட்டேனாம்.

எட்டு வாரத்தில் பத்து தடவை, தடவைக்கு 500 ரூபாய். நான்காவது வாரம் 47 கோடு. எட்டாவது வாரம் 31. சரிபாதி.

துள்ளிக் குதித்திருப்பேன், ஆனால் அதே எட்டு வாரத்தில் வேறு சிலவற்றையும் மாற்றியிருந்தேன். சாயங்கால டிகிரி காபியை விட்டேன் (காலைக் காபியை விடச் சொன்னால் வைத்தியரை மாற்றிவிடுவேன்). ராத்திரிச் சாப்பாடு ஏழரைக்குள், கூடவே மிளகாய் பஜ்ஜிக்கு முழுக்கு. பருத்தி நைட்டி, பருத்தி விரிப்பு. ஹெட்மிஸ்ட்ரஸிடம் பேசி வாரத்தில் மூன்று நாள் காட்டன் சேலைக்கு அனுமதி வாங்கினேன், கேட்காமல் இருந்தவர்கள் எல்லாம் மறுநாளே கட்டிக்கொண்டு வந்தார்கள். விடிந்ததும் பள்ளி மைதானத்தில் ஆறு சுற்று. ஒரே நேரத்தில் இத்தனை மாறிகளை மாற்றிவிட்டு விடை எதனால் வந்தது என்று எழுதினால் என் மாணவனுக்கே மார்க் போட மாட்டேன்.

மகள் தேடிக் கொடுத்ததைப் படித்தபோது இன்னும் சுவாரசியம். 2016இல் ஆஸ்திரேலியாவில் 327 பெண்களை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்கு நிஜ ஊசி, மீதிப் பேருக்குத் தோலுக்குள் இறங்காத மொட்டை ஊசி. இரு பக்கமும் வேர்வை ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது, வித்தியாசமே இல்லை. அதே வருடம் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் ஊசி போட்டவர்களுக்கு ஆறு மாதத்தில் 37 சதவீதம் போலக் குறைந்தது, எதுவும் செய்யாமல் காத்திருந்தவர்களுக்குக் குறையவில்லை. ஆக, ஊசியின் முனையில் விசேஷம் இருக்கிறதோ என்னவோ, எனக்கு அந்த இருட்டு அறை நல்லது செய்தது. கல்யாணமாகி 24 வருடத்தில் பகல் நேரத்தில், காய்ச்சல் இல்லாமல், யாரும் கூப்பிடாத ஓர் அறையில் நான் படுத்தது அங்கேதான். 5,000 ரூபாய் கொடுத்தது எதற்கு என்று என் கணவர் கேட்டபோது இதைத்தான் சொன்னேன். அதற்கு வீட்டிலேயே படுக்கலாமே என்றார். வீட்டில் படுத்தேன். முதல் நாளே பத்து நிமிடத்தில் "டீத்தூள் எங்கே?" என்று குரல் வந்தது.

எலும்புக்கும் இதே வயதில் பார்க்கச் சொன்னார்கள். மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1,200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். நூறு கிராம் கேழ்வரகில் 300க்கு மேல் இருக்கிறது, மீதியைப் பால், தயிர், கீரை பார்த்துக்கொள்ளும். கூடவே இரண்டு கிலோ டம்பெல்ஸ் தூக்குகிறேன், எடை தூக்குவது எலும்புக்கு நல்லதாம்.

கணக்கில் ஒரு சிக்கல் உண்டு. தொடர்ந்து 12 மாதம் பீரியட்ஸ் வராமல் இருந்தால்தான் நின்றுவிட்டது என்று அர்த்தம். பரமபதம் மாதிரி பத்தாவது மாதத்தில் பாம்பு கடித்து மீண்டும் முதல் கட்டத்துக்கு வந்தேன். இப்போது மறுபடி பதினொன்றில் நிற்கிறேன். பன்னிரண்டைத் தாண்டிய பிறகு ஒரு சொட்டுப் பட்டாலும் உடனே வரவேண்டும் என்று மருத்துவர் இரண்டு முறை அழுத்திச் சொல்லியிருக்கிறார். வாரத்துக்கு 20 கோடு இன்னும் விழுகிறது. ஊசிக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை போகிறேன், தூங்குவதற்கு.

போன மாதம் அம்மா வந்திருந்தபோது உளுந்தங்களி கிண்டிக் கொடுத்தாள். நான் பெரியவளான அன்று கொடுத்த அதே களி, அதே நல்லெண்ணெய். "உனக்கு இந்த வயசுல இப்படியெல்லாம் இருந்துச்சாம்மா?" என்று கேட்டேன்.

"எனக்கெல்லாம் ஒண்ணும் இல்லடி."

"அப்போ ராத்திரி ராத்திரி கொல்லைப் படியில விசிறியோட உட்கார்ந்திருப்பியே?"

"அது அந்த வீட்ல காத்தே வராது" என்றாள்.